கானகம் நடந்த கால்கள்

(ஹென்றி டேவிட் தோரோ: 1817 – 1862)

மாணவி, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

முன்னுரை

பள்ளி விட்டதும் பேருந்து நிறுத்தத்திற்கு ஓடுகிறோம். தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் மிதிவண்டி இருக்கிறதா என்று பார்க்கிறோம். நடப்பது என்பது வேறு வழியில்லாதவர் செய்யும் வேலை என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நாள்தோறும் நான்கு மணி நேரமாவது நடந்தால்தான் அன்றைய நாள் நல்ல நாள் என்று கருதிய அறிஞர் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர் கப்பலேறி உலகைச் சுற்றி வந்தவர் அல்லர். தம் சொந்த ஊரின் காடுகளையும், ஆற்றோரப் புல்வெளிகளையும், சதுப்பு நிலங்களையும் ஆண்டுக்கணக்கில் காலால் அளந்தவர். அவரே ஹென்றி டேவிட் தோரோ.

காட்டை அவ்வளவு நேசித்த அதே மனிதர்தான் ஒருநாள் கவனக் குறைவால் அக்காட்டிற்குத் தீ மூட்டியும் விட்டார். பெரியோர் வரலாற்றை எழுதும்போது பெருமைகளை மட்டும் அடுக்கிச் சொல்வது வழக்கம். தோரோவின் வரலாற்றை அப்படிச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அவர் செய்த பிழையையும், அதன்பின் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

பிறந்த ஊர்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு மேற்கே ஏறக்குறைய 20 மைல் தொலைவில் உள்ளது காங்கார்டு என்னும் சிற்றூர். சட்பரி, அசபெட் என்னும் இரண்டு ஆறுகள் அங்கே கூடிக் காங்கார்டு ஆறு என்னும் பெயர் பெறுகின்றன. ஓடுகிறதா நிற்கிறதா என்று ஐயுறும்படி அவ்வளவு மெதுவாகச் செல்லும் ஆறு அது. பனி உருகும் இளவேனிற் காலத்தில் அது கரை கடந்து, இருபுறமும் உள்ள தாழ்ந்த புல்வெளிகளை ஏரி போலாக்கிவிடும். நீர் வடிந்ததும் அங்கே புல் ஆளுயரம் வளரும். வெள்ளையர் வருமுன் அங்கு வாழ்ந்த பூர்வகுடி மக்கள் அந்த ஆற்றை மஸ்கெட்டகுவிட் என்று அழைத்தனர். புல்நிலத்து ஆறு என்பது அதன் பொருளாம்.

அவ்வூரில் 1817ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் தோரோ பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டேவிட் ஹென்றி. கல்லூரியை முடித்த பின் அவராகவே அதை ஹென்றி டேவிட் என்று மாற்றிக்கொண்டார். தந்தை ஜான் தோரோ பென்சில் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தார். தாய் சிந்தியா, வீட்டில் வெளியாட்களுக்கு உணவும் இடமும் தந்து குடும்பச் செலவுக்குத் துணை செய்தார். ஹெலன், ஜான், ஹென்றி, சோபியா என நான்கு குழந்தைகள். வசதி மிக்க குடும்பம் அன்று. ஆயினும் ஹென்றியை ஹார்வர்டு கல்லூரிக்கு அனுப்பினர். அவர் 1837இல் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். அவ்வூரிலேயே வாழ்ந்த எமர்சன் என்னும் பேரறிஞரின் நட்பு அவருக்குக் கிட்டியது. அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஒரு நாட்குறிப்பை எழுதத் தொடங்கினார். இருபத்து நான்கு ஆண்டுகள் விடாமல் எழுதப்பட்ட அந்த நாட்குறிப்பு, பின்னாளில் 1906ஆம் ஆண்டில் 14 தொகுதிகளாக வெளிவந்தது.

பிரம்பை மறுத்த ஆசிரியர்

பட்டம் பெற்றதும் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பிள்ளைகளை அடிக்காமலே பாடம் சொல்லித் தந்தார். இரண்டு வாரம் கூட ஆகவில்லை. பள்ளிக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வந்து பார்த்து, அடிக்காவிட்டால் ஒழுங்கு கெடும் என்று கண்டித்தார். தோரோ அன்று சில மாணவர்களை அழைத்து அடித்தார். அன்று மாலையே வேலையை விட்டு விலகினார். காரணமின்றி அடிபட்ட அந்தப் பிள்ளைகளை எண்ணினால் நமக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அவருக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அண்ணன் ஜானும் உடன் சேர்ந்துகொண்டார். அங்கே பிரம்பு கிடையாது. வாரம் ஒருமுறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் நடந்து செல்வார்கள். அக்காலத்தில் இது ஒரு புதுமை. ஒருமுறை படகில் செல்கையில் தோரோ கரையில் ஓரிடத்தைக் காட்டி, இங்கே பூர்வகுடி மக்கள் தங்கியிருக்க வேண்டும் என்றார். அடுத்த வாரம் மண்வெட்டியுடன் சென்று அவ்விடத்தில் தோண்டினார். நெருப்பில் வெந்து சிவந்த அடுப்புக் கற்கள் வெளிப்பட்டன. பிள்ளைகள் வியந்து பார்த்து முடித்ததும், அவற்றை எடுத்துச் செல்லாமல் முன்பிருந்தபடியே மண்ணிட்டு மூடிவிட்டார். பார்த்தது போதும், பறிக்க வேண்டாம் என்னும் பாடத்தைப் பிள்ளைகள் அன்று கற்றிருப்பார்கள்.

1839ஆம் ஆண்டு கோடையில் சகோதரர் இருவரும் தாமே செய்த படகில் காங்கார்டு, மெரிமாக் ஆறுகளின் வழியே இரண்டு வாரம் பயணம் செய்தனர். படகுக்கு இட்ட பெயரும் மஸ்கெட்டகுவிட் என்பதே. இருவர் வாழ்விலும் அதுவே மிக இனிய காலம். ஜானின் உடல்நலம் குன்றியதால் 1841இல் பள்ளியை மூட நேர்ந்தது. 1842ஆம் ஆண்டு சனவரியில் சவரக் கத்தியால் ஜானின் விரலில் ஒரு சிறு காயம் பட்டது. அது இரணஜன்னியாக மாறிற்று. தடுப்பூசி இல்லாத காலம். சில நாட்களில் தம்பியின் கைகளிலேயே ஜான் உயிர் நீத்தார். துயரத்தால் ஹென்றிக்கும் அதே நோயின் குறிகள் தோன்றின. வீட்டார் அஞ்சி நடுங்கினர். நோய் இல்லாமலே நோயின் வேதனையை அவர் உடல் அனுபவித்தது.

காடு எரிந்த நாள்

1844ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள். அவ்வாண்டு மழை குறைந்து காடு காய்ந்து கிடந்தது. தோரோவும் எட்வர்டு ஹோர் என்னும் இளைஞரும் படகில் சட்பரி ஆற்றின் வழியே சென்றனர். பிடித்த மீனைச் சமைக்க, ஃபேர் ஹேவன் என்னும் விரிந்த நீர்நிலையின் கரையில் ஒரு பட்டுப்போன அடிமரத்தில் நெருப்பு மூட்டினர். காற்று வீசியது. பொறி பறந்து காய்ந்த புல்லில் விழுந்தது. கையாலும் காலாலும் அடித்துப் பார்த்தனர். படகிலிருந்த பலகையால் அடித்துப் பார்த்தனர். தீ அடங்கவில்லை. சரிவில் ஏறிக் காட்டுக்குள் புகுந்துவிட்டது.

நண்பர் படகில் ஊருக்கு விரைந்தார். தோரோ காட்டு வழியே ஓடினார். வழியில் கண்ட ஓர் உழவர், எரிவது தம் காடு இல்லையென்று சொல்லித் தம் வழியே போய்விட்டார். இன்னொருவரைக் கண்டு அழைத்துவந்து காட்டினார். ஆள்திரட்ட அவர் ஊருக்கு ஓட, தோரோ களைத்துப்போய் ஒரு பாறைக் குன்றின் மேல் தனியே அமர்ந்து, தாம் மூட்டிய தீ தாம் நேசித்த மரங்களை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரார் வந்ததும் அவர்களோடு சேர்ந்து அணைக்கும் வேலையில் இறங்கினார். நூறு ஏக்கருக்கு மேல் எரிந்தது என்பது அவர் கணக்கு. ஊர்ச் செய்தித்தாள் 300 ஏக்கர் என்று எழுதியது.

ஊர் வாயை மூட முடியுமா? பல ஆண்டுகள் அவர் தெருவில் நடந்து போகையில் பின்னாலிருந்து காடெரித்தவர் என்று கூவினார்கள். தோரோ பதில் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து 1850இல்தான் தம் நாட்குறிப்பில் அந்நிகழ்ச்சியை விரிவாக எழுதினார். அதில் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. மின்னல் விழுந்தாலும் இப்படி எரிந்திருக்கும், இரயில் வண்டியின் பொறியால் எத்தனையோ இடங்கள் எரிந்திருக்கின்றன என்றெல்லாம் காரணங்கள் கூறுகிறார். அதைப் பற்றிப் படித்தபோது முதலில் எனக்கு அவர்மேல் சற்றுக் கோபம் வந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தேன். உறுத்தாத ஒன்றைப் பற்றி ஆறு ஆண்டு கழித்து எவரும் அவ்வளவு காரணம் எழுதுவாரா? வாய் கேட்காத மன்னிப்பை அவர் கால்களும் கைகளும் எப்படிக் கேட்டன என்பதை இனிக் காண்போம்.

வால்டன் குளக்கரை

தீ விபத்து நடந்து ஓராண்டுக்குப் பின், 1845ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், தோரோ வால்டன் என்னும் குளக்கரையில் குடியேறினார். நிலம் எமர்சனுடையது. 10 அடி அகலமும் 15 அடி நீளமும் கொண்ட குடிலைத் தாமே கட்டினார். அதற்கான செலவு 28 டாலரும் பன்னிரண்டரை சென்ட்டும். மூன்று நாற்காலிகள், ஒரு கட்டில், ஒரு மேசை ஆகியவை முக்கியமான தட்டுமுட்டுகள். இரண்டரை ஏக்கரில் அவரை பயிரிட்டார். இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் அங்கு வாழ்ந்தார். அண்ணனோடு சென்ற ஆற்றுப் பயணத்தைப் பற்றிய நூலை எழுதவே அவர் அந்தத் தனிமையை நாடினார். துறவி போல் அவர் உலகை வெறுத்து ஓடவில்லை. அடிக்கடி ஊருக்கு நடந்து வந்து தாய் வீட்டில் உண்டு திரும்பினார்.

வால்டன் குளத்திற்கு அடியே இல்லை என்று ஊரார் பல தலைமுறையாக நம்பி வந்தனர். யாரும் அளந்து பார்க்கவில்லை. 1846ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குளம் பனிக்கட்டியாக உறைந்திருந்தபோது, தோரோ அதன்மேல் நடந்து துளைகள் இட்டு, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஆழம் பார்த்தார். மிக ஆழமான இடம் 102 அடி. குளத்திற்கு அடி உண்டு என்பது தெளிவாயிற்று.

இங்கே நம் தமிழகத்தோடு ஒரு சிறு தொடர்பும் உண்டு. அக்காலத்தில் பாஸ்டன் வணிகர் டியூடர் என்பவர் அவ்வட்டாரத்துக் குளங்களின் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். அதைச் சேமித்து வைக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்ததே ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடம். இன்று அது விவேகானந்தர் இல்லம். வால்டன் குளத்திலும் பனிக்கட்டி அறுத்தார்கள். தம் குளத்து நீரைத் தொலைதூரச் சென்னை மக்களும் பருகுவார்கள் என்று தோரோ தம் நூலில் மகிழ்ச்சியோடு எண்ணிப் பார்க்கிறார். உண்மையில், வெட்டிக் குவித்த அந்தப் பனிக்கட்டியில் பெரும்பகுதி கரையிலேயே உருகிக் குளத்திற்கே திரும்பிவிட்டது.

ஓர் இரவுச் சிறை

வால்டனில் வாழ்ந்தபோது, 1846ஆம் ஆண்டு ஜூலையில், பழுது பார்க்கக் கொடுத்த காலணியை வாங்க ஊருக்கு வந்தார். அங்கே அவரைச் சிறைப்படுத்தினர். பல ஆண்டுகளாகத் தலைவரி செலுத்தாததே குற்றம். கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருக்கும் அரசுக்கும், மெக்சிகோ மீது போர் தொடுக்கும் அரசுக்கும் வரி கொடுக்கத் தம் மனச்சான்று இடங்கொடுக்கவில்லை என்றார். வேறொருவர் வரியைக் கட்டிவிட்டதால் மறுநாளே விடுதலை ஆனார். உடனே என்ன செய்தார் தெரியுமா? செப்பனிட்ட காலணியை வாங்கி அணிந்துகொண்டு, காட்டில் ஹக்கிள்பெரிப் பழம் பறிக்கப் புறப்பட்ட கூட்டத்திற்கு வழிகாட்டியாகக் குன்றின்மேல் ஏறிவிட்டார்!

அந்த ஓர் இரவு பற்றி அவர் எழுதிய கட்டுரை 1849இல் வெளிவந்தது. அண்ணல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது அதைப் படித்துத் தம் அறப்போருக்கு வலிமை பெற்றார் என்பதை நாம் அறிய வேண்டும்.

நடையே படிப்பு

வால்டனை விட்டு வந்தபின் தோரோ நில அளவையாளராக வேலை செய்து பிழைத்தார். அது அவருக்கு ஏற்ற தொழில். ஊரின் ஒவ்வொரு காட்டு எல்லையையும் நடந்தே அளந்தார். காடெரித்தவர் என்று ஏசியவர்களும் தங்கள் காட்டை அளக்க அவரையே அழைத்தனர். அவர் அளவில் பிழை இராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பகற்பொழுதில் பாதி அவருக்கு நடைக்கே உரியது. அவருடைய ஆயத்தங்கள் வேடிக்கையானவை. தொப்பிக்குள் ஒரு சிறு தட்டு அமைத்துப் பறித்த செடியை வாடாமல் அதில் வைப்பார். தந்தையின் பழைய இசைப்புத்தகம் ஒன்றைச் செடிகளைப் பதம் செய்ய எடுத்துச் செல்வார். கைத்தடியில் அங்குலக் கோடுகள் வெட்டியிருப்பார். பையில் கத்தி, நூல், பென்சில், குறிப்பேடு இருக்கும். பறவைகளைத் தொலைவிலிருந்தே காண 1854இல் ஒரு தொலைநோக்கி வாங்கினார். சாலையை விட்டு விலகிப் புல்வெளியிலும் சேற்றிலும் இறங்குவார். சதுப்பு நிலத்தில் கழுத்தளவு நீரில் நிற்கவும் தயங்கமாட்டார். பைன் மரத்தின் உச்சியில் ஏறி, தரையிலிருந்து காணமுடியாத அதன் சிவந்த பூக்களைப் பறித்து வந்து ஊராருக்குக் காட்டினார். மரத்தடியிலேயே வாழ்நாளைக் கழித்த விறகுவெட்டிகளும் அவற்றை அதுவரை பார்த்ததில்லையாம்.

எந்தச் செடி எந்த நாளில் பூக்கிறது என்று ஆண்டுதோறும் குறித்து வைத்தார். ஒரே செடியைக் காணச் சில மைல் தூரம் பலமுறை நடந்ததும் உண்டு. நீண்ட உறக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டில் விட்டாலும், பூத்த செடிகளைக் கொண்டே அன்றைய தேதியைச் சொல்லிவிடுவார் என்று நண்பர்கள் கூறுவர்.

குழந்தைகளுக்கு அவர் நல்ல தோழர். பழம் பறிக்கச் சென்றபோது ஒரு சிறுவன் தடுக்கி விழுந்து கூடைப் பழமெல்லாம் கொட்டி அழுதான். தோரோ அவன் தோளில் கை போட்டு, இப்படித் தடுக்கி விழும் பிள்ளைகள் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக்கு விதை எப்படி விழும், அதற்காகத்தான் இயற்கை உன்னை விழவைத்தது என்று தேற்றினார். தவறி விழுந்தவனிடம் இவ்வளவு கனிவாகப் பேச, தாமும் ஒருமுறை தவறியவருக்கே முடியும் போலும்.

எழுத்துத் துறையில் அவருக்கு வாழ்நாளில் பெரும் வெற்றி கிட்டவில்லை. ஆற்றுப் பயண நூல் 1849இல் ஆயிரம் படிகள் அச்சாயின. விற்காத 706 படிகளை 1853இல் பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அவற்றை முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றிய அவர், தம் நூலகத்தில் பெரும்பகுதி தாமே எழுதியது என்று நகைத்துக்கொண்டார். வால்டன் வாழ்வைப் பற்றிய நூல் 1854இல் வெளிவந்தது. அதுவே இன்று உலகெங்கும் படிக்கப்படுகிறது.

அணில் நட்ட காடு

காங்கார்டு உழவர்களுக்கு ஒரு புதிர் இருந்தது. பைன் காட்டை வெட்டினால் அவ்விடத்தில் ஓக் மரங்கள் முளைக்கின்றன. யாரும் ஓக் விதையை அங்கே விதைக்கவில்லை. விதையில்லாமலே மரம் முளைக்கிறது என்று சிலர் நம்பினர். தோரோ எரிந்த காடுகளிலும் வெட்டிய காடுகளிலும் மீண்டும் மீண்டும் நடந்தார். அடிமரங்களின் வளையங்களை எண்ணினார். மண்ணைக் கிளறிப் பார்த்தார். 1857ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு சிவப்பு அணில் ஹிக்கரிக் கொட்டையை வாயில் கவ்விவந்து, வேறொரு மரத்தடியில் மண்ணைத் தோண்டிப் புதைத்து மூடிச் செல்வதைக் கண்டார். புதிரின் முடிச்சு அவிழ்ந்தது.

பைன் விதைக்குச் சிறகு உண்டு. காற்று அதைத் தூவுகிறது. கனமான ஓக் கொட்டையைக் காற்றால் தூக்க முடியாது. அணிலும் பறவையும் அதைப் பைன் மர நிழலுக்குக் கொண்டுபோய்ப் புதைக்கின்றன. அவை தின்ன மறந்தவை முளைக்கின்றன. பெரிய பைன் மரங்களின் நிழலில் அந்தக் கன்றுகள் வளர முடியாமல் காத்துக் கிடக்கின்றன. பைன் வெட்டப்பட்டதும் வெயில் பட்டு நிமிர்கின்றன. இந்த உண்மையை 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், காங்கார்டில் நடந்த உழவர் கண்காட்சியில் தோரோ சொற்பொழிவாக எடுத்துரைத்தார். காடெரித்தவர் என்று பெயரெடுத்த அதே ஊரில், காடு எப்படித் தன்னைத்தானே மீண்டும் வளர்த்துக்கொள்கிறது என்பதை விளக்கினார். அணிலைப் பகையாக எண்ணிச் சுடாதீர்கள், அதுவே உங்கள் காட்டுக்கு விதைப்பவர் என்றும் அறிவுறுத்தினார்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1859 ஏப்ரலில், இரண்டு ஆட்களோடும் ஒரு குதிரை வண்டியோடும் இரண்டரை நாள் உழைத்து வால்டன் அருகே எமர்சனின் நிலத்தில் சுமார் 400 பைன் கன்றுகளை நட்டார். எரிந்ததற்கு ஈடாக நட்டேன் என்று அவர் எங்கும் எழுதவில்லை. ஆனால் தீ மூட்டிய கைதான் அந்தக் கன்றுகளையும் நட்டது.

ஆறும் புல்வெளியும்

அதே 1859ஆம் ஆண்டில் ஆற்றுக்கும் ஒரு வழக்கு வந்தது. கீழே பில்லெரிக்கா என்னும் இடத்தில் இருந்த அணையால் தண்ணீர் தேங்கி, புல்வெளிகள் அழுகி, கால்நடைக்குப் புல் கிடைக்கவில்லை என்று உழவர்கள் முறையிட்டனர். பாலங்களை அளந்து தரத் தோரோவை அமர்த்தினர். அவர் பாலத்தோடு நிற்கவில்லை. அக்கோடையில் இருபது மைலுக்கு மேல் ஆற்றின் அகலம், ஆழம், ஓட்டம், வளைவு, கரையிலுள்ள செடி யாவற்றையும் அளந்து எழுதினார். அவர் வரைந்த ஆற்றுப்படம் ஏழடி நீளமுள்ள சுருள். அணையைத் தாழ்த்த 1860இல் சட்டம் வந்தது. 1862இல் அது நீக்கப்பட்டது. உழவர்கள் தோற்றனர். தோரோவின் அளவுகள் மட்டும் நிலைத்தன.

அவ்வாண்டு அக்டோபரில் தம் நாட்குறிப்பில் ஒரு கருத்தை எழுதினார். ஒவ்வோர் ஊரிலும் 500 அல்லது 1000 ஏக்கர் காடு ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டும். அதில் ஒரு குச்சியும் விறகுக்காக வெட்டப்படக் கூடாது. மக்கள் நடந்து சென்று கற்கவும் களிக்கவுமே அது இருக்க வேண்டும். காட்டுப் புகலிடம் என்னும் எண்ணம் பலருக்கும் தோன்றாத காலத்தில் அவர் இதை எழுதினார்.

இறுதி நாட்கள்

1860ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் கடுங்குளிரில் அடிமரங்களின் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது சளி பிடித்தது. ஏற்கெனவே நலிந்திருந்த நுரையீரலில் காசநோய் முற்றியது. தட்பவெப்பம் மாறினால் நலமாகலாம் என்று 1861இல் மினசோட்டா வரை சென்றும் பயனில்லை. நடந்தே வாழ்ந்தவர் நடக்க இயலாமல் படுத்தார். கட்டிலைக் கூடத்திற்குக் கொண்டுவரச் செய்து, தங்கை சோபியாவின் துணையோடு தம் கட்டுரைகளைத் திருத்தினார். அவற்றுள் ஒன்று நடத்தலைப் பற்றியது. 1851இல் சொற்பொழிவாக ஆற்றிய அது, அவர் மறைந்த அடுத்த மாதம் அச்சில் வந்தது.

1862ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், இளவேனிலில், தம் 44ஆம் வயதில் தோரோ அமைதியாக உயிர் நீத்தார். அவ்வூர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளர், நாம் விரும்பிப் படிக்கும் ‘சிறிய பெண்மணிகள்’ கதையை எழுதிய லூயிசா ஆல்காட்டின் தந்தை. அவர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார். தோரோவோடு காட்டில் பழம் பறித்த பிள்ளைகள் அவருடைய இறுதி ஊர்வலத்தில் நடந்து சென்றனர்.

இன்றும் வாழும் நடை

அவர் கேட்ட காடு பின்னர் கிடைத்தது. வால்டன் குளத்தைச் சுற்றியுள்ள நிலத்தை எமர்சன் குடும்பத்தாரும் வேறு சிலரும் 1922இல் மாசசூசெட்ஸ் அரசுக்குக் கொடையாகத் தந்தனர். கொடுத்தவர்களுள், தீ மூட்டிய அன்று தோரோவுடன் இருந்த ஹோர் இளைஞரின் குடும்பத்தாரும் உண்டு. காங்கார்டு, சட்பரி ஆறுகளின் கரைகளில் உள்ள பெரும்புல்வெளி 1944 முதல் பறவைகளின் புகலிடமாகக் காக்கப்படுகிறது.

அவருடைய பூக்குறிப்புகளும் வீண்போகவில்லை. 2003ஆம் ஆண்டு முதல் பாஸ்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் அவர் நடந்த இடங்களில் நடந்து, அவர் தேதிகளோடு ஒப்பிட்டனர். 1850களில் பூத்ததைவிடச் செடிகள் இப்போது ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகப் பூப்பதையும், அவர் கண்ட செடிவகைகளில் கால்பங்குக்கு மேல் அவ்வூரிலிருந்து மறைந்துவிட்டதையும் கண்டறிந்தனர். உலகம் வெப்பமடைவதற்கு அவர் குறிப்பேடு இன்று சாட்சி கூறுகிறது.

முடிவுரை

தோழியரே, தவறு செய்யாத மனிதர் இல்லை. தவறு செய்தபின் அந்த இடத்திற்கே திரும்பிச் செல்லும் துணிவு எல்லோருக்கும் வருவதில்லை. தோரோ வேறு ஊருக்குப் போய்விடவில்லை. எந்தக் காட்டை எரித்தாரோ அந்தக் காட்டில் பதினாறு ஆண்டுகள் நடந்து, அதை எவரையும்விட நன்கு அறிந்து, பிறருக்கும் அறிவித்துச் சென்றார்.

நம் ஊரிலும் ஓர் ஏரிக்கரை இருக்கிறது. ஒரு தோப்பு இருக்கிறது. அங்கே நிற்கும் மரங்களில் எத்தனைக்கு நமக்குப் பெயர் தெரியும்? எந்த மாதம் எது பூக்கும் என்று நம்மில் யார் சொல்ல முடியும்? அதைத் தெரிந்துகொள்ளப் பொருட்செலவு இல்லை. ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் இரண்டு கால்களும் போதும். இந்த விடுமுறையில் ஒருநாளாவது பேருந்துக்குக் காத்திராமல் நடந்து பார்ப்போம். நடக்கையில் ஒரு நெருப்புப் பொறியையும் கீழே விடாமல் நடப்போம்.